20 ரெஜிமென்ட் ஏன் 14 ரெஜிமென்டிடம் தோற்கிறது? யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-ல் போர் நடக்கும் விதம்

கேள்வி இதுதான்: யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற வரலாற்று வியூகக் கணினி விளையாட்டில் காஸ்டீலாக (ஸ்பெயினின் பழைய அரசு) ஆடும் ஒருவர் 20 ரெஜிமென்ட் (படைப்பிரிவு) கொண்ட படையுடன் தெற்கே உள்ள கிரனாடா மீது போனார். எதிரில் இருந்தது 14 ரெஜிமென்ட். தோற்றது காஸ்டீல். மீண்டும் படை திரட்டிப் போய்க் கோட்டையை முற்றுகையிட்டார், ஒன்றரை வருடம் ஆகியும் கோட்டை விழவில்லை. அதற்குள் மேன்பவர் (படையில் சேர்க்கக் கிடைக்கும் ஆட்களின் இருப்பு) தீர்ந்து கடன் ஏறிவிட்டது. தவறு எங்கே?

கேட்டவர் படையின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருக்கிறார். இந்த விளையாட்டில் கொடிக்குக் கீழே தெரியும் அந்த எண்தான் எல்லோர் கண்ணிலும் முதலில் படும், போரின் முடிவில் அதற்கு இருக்கும் பங்கோ குறைவு. முன்வரிசையில் எத்தனை பேர் நின்று அடிக்க முடிகிறது, எந்த நிலத்தில் நிற்கிறார்கள், மோரல் (படையின் மன உறுதி) எவ்வளவு, ஜெனரல் யார் என்ற நான்கும்தான் முடிவு செய்கின்றன. இந்தப் பதில் யூரோப்பா 4-ன் கடைசிப் பதிப்புகளுக்குப் பொருந்தும். 2025-ல் வந்த யூரோப்பா 5-ன் போர் விதிகள் வேறு, அங்கே இந்த எண்களைக் கொண்டுபோக வேண்டாம்.

முதலில் களத்தின் அகலம். 1444 நவம்பர் 11-ல் ஆட்டம் தொடங்கும்போது ஐரோப்பிய நாடுகளுக்கு மிலிட்டரி டெக் (ராணுவத் தொழில்நுட்ப நிலை) 3. அப்போது ஒரு போரில் ஒரு பக்கத்துக்கு முன்வரிசையில் 20 இடம். ஆட்டத்தின் கடைசியில் இது 40 வரை போகும். ஒரு ரெஜிமென்ட் என்பது 1000 பேர், ஒரு ரெஜிமென்டுக்கு ஓர் இடம். நீங்கள் 35 ரெஜிமென்டைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் 20 மட்டுமே வரிசையில் நிற்கும். மற்றவை பின்னால் ரிசர்வில் காத்திருக்கும். காத்திருக்கும் படைக்கும் மோரல் மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும் என்பதால், அவர்கள் முறை வரும்போது பாதி சோர்ந்த நிலையில்தான் முன்னுக்கு வருவார்கள். அதனால் உபரிப் படையைப் பக்கத்து மாகாணத்தில் நிறுத்தி, போர் தொடங்கிச் சில நாள் கழித்து உள்ளே அனுப்புவதே நல்லது.

எதிரியிடம் 14 இருந்து உங்களிடம் 20 இருந்தால், உங்கள் வரிசை இரண்டு பக்கமும் மும்மூன்று இடம் நீண்டு நிற்கும். அந்த ஆறு ரெஜிமென்டுக்கும் நேர் எதிரே யாரும் இல்லை. காலாட்படை தன் நேர் எதிரிலும் அதற்கு ஓர் இடம் தள்ளியும்தான் அடிக்க முடியும், குதிரைப்படை இரண்டு இடம் தள்ளி அடிக்கும். ஆகவே எல்லாமே காலாட்படையாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு ரெஜிமென்ட்தான் கூடுதலாகச் சண்டையிடும், மீதி நான்கும் வேடிக்கை பார்க்கும். ஓரங்களில் பக்கத்துக்கு இரண்டு குதிரைப்படை நின்றால் அவையும் சேர்ந்து அடிக்கும். முதல் நூறு ஆண்டுகளுக்கு 16 காலாட்படை, 4 குதிரைப்படை என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இதிலிருந்து வந்ததுதான். அதற்கு மேல் குதிரை வாங்குவது பெரும்பாலான நாடுகளுக்கு வீண். காலாட்படை ரெஜிமென்ட் 10 டக்கட் (ஆட்டத்தின் நாணயம்), குதிரைப்படை 25 டக்கட். போலந்து போலக் குதிரைப்படைக்கே சிறப்புச் சலுகை உள்ள நாடுகளுக்கு வேறு கணக்கு.

இனி நிலம். கேட்டவர் தோற்றதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

போர் மூன்று மூன்று நாளாக நகரும். முதல் மூன்று நாள் துப்பாக்கிச் சூட்டுக் கட்டம், அடுத்த மூன்று நாள் நேருக்கு நேர் மோதும் கட்டம், பிறகு மீண்டும் சூடு. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் இரண்டு பக்கத்துக்கும் 0 முதல் 9 வரை ஒரு பகடை விழும். அந்த எண்ணோடு ஜெனரலின் திறமையில் உள்ள வித்தியாசம் சேரும். தாக்கப் போகிறவருக்கு நிலத்தின் தண்டனை கழியும்: மலை என்றால் 2, குன்று, காடு, சதுப்பு என்றால் 1, ஆற்றைக் கடந்து வந்தால் மேலும் 1, கப்பலிலிருந்து இறங்கியோ நீரிணையைக் கடந்தோ தாக்கினால் 2. வந்த கூட்டுத்தொகையை 5-ஆல் பெருக்கி 15-ஐக் கூட்டினால் அடிப்படைச் சேதம் கிடைக்கும். டெக், ஒழுங்கு, படைப்பிரிவின் தரம் எல்லாம் அதற்குப் பிறகுதான் கணக்கில் வரும்.

ஓர் உதாரணம். ஆற்றைக் கடந்து மலை மாகாணத்தில் இருக்கும் எதிரியைத் தாக்குகிறீர்கள். உங்கள் ஜெனரலுக்கு மோதல் திறன் 2, எதிரிக்கு 4. பகடையின் சராசரி 4.5. உங்கள் கணக்கில் 3 கழிந்து 1.5 ஆகிறது, அதாவது அடிப்படைச் சேதம் 22.5. எதிரிக்கு ஜெனரல் வித்தியாசம் 2 சேர்ந்து 6.5, அடிப்படைச் சேதம் 47.5. ஒரே தரமான படையாக இருந்தும் எதிரியின் ஒரு ரெஜிமென்ட் உங்கள் ரெஜிமென்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அடிக்கிறது. போதாக்குறைக்கு மலையில் களத்தின் அகலமும் வெகுவாகக் குறையும், ஆகவே உங்கள் 20-ல் பல ரெஜிமென்ட் வரிசைக்கே வராது. 14 பேர் 20 பேரை விரட்டியதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இதே கணக்கை உங்களுக்குச் சாதகமாகத் திருப்பலாம். எல்லையில் உங்களுக்குச் சொந்தமான குன்று மாகாணம் ஒன்றில் படையை நிறுத்தி எதிரியை வரவிடுங்கள். கணினி ஆடும் நாடுகள் சிறிய படையைக் கண்டால் பாய்ந்துவிடும். 8 ரெஜிமென்டை அங்கே நிறுத்தி, 12-ஐ ஒரு மாகாணம் பின்னால் வைத்து, எதிரி திரும்ப முடியாத அளவுக்கு நகர்ந்த பிறகு பின்படையை அனுப்புங்கள். பயணத்தில் பாதிக்கு மேல் கடந்த படை பூட்டப்பட்டுவிடும், திரும்பிப் போக முடியாது. உங்கள் பின்படை வந்து சேரும் தேதி எதிரி வந்து சேரும் தேதிக்கு ஓரிரு நாள் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். மாகாணத்தின் நிலவகை தெரியாமல் படையை நகர்த்தவே கூடாது. மாகாணத்தைச் சொடுக்கினால் மேலே படத்துடன் தெரியும், ஆறு இருக்கிறதா என்பது நகர்த்தும் அம்புக்குறியின் மேல் சுட்டியை வைத்தால் தெரியும். உங்கள் ஜெனரலின் சூழ்ச்சித் திறன், அதாவது மனூவர், எதிரி ஜெனரலைவிடக் கூடுதலாக இருந்தால் ஆற்றின் தண்டனை நீங்கிவிடும். பலர் அந்த எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை.

ஜெனரல் இல்லாமல் போர் தொடங்காதீர்கள். 50 மிலிட்டரி பாயின்ட் (ராணுவப் புள்ளி) செலவு, மிச்சப்படுத்த வேண்டிய இடம் இது இல்லை. தொடக்க காலத்தில் காலாட்படையின் சூட்டு வலு மிகக் குறைவு, அடி எல்லாம் மோதல் கட்டத்தில்தான் விழும். ஆகவே முதல் நூறு ஆண்டுகளில் சூடு 4, மோதல் 1 உள்ள ஜெனரலைவிட சூடு 1, மோதல் 4 உள்ளவரே மேல். பீரங்கிகள் பெருகிய பிறகு இது தலைகீழாகும்.

டெக் பற்றிச் சுருக்கமாக: மிலிட்டரி டெக் 4 வந்ததும் மோரல் 0.5 கூடும். போரில் யார் ஓடுகிறார்கள் என்பதைச் சாவு எண்ணிக்கையைவிட மோரலே முடிவு செய்கிறது. நீங்கள் 3-லும் எதிரி 4-லும் இருந்தால் போரை அறிவிக்காமல் காத்திருங்கள், நீங்கள் 4-ல் ஏறி எதிரி 3-ல் இருக்கும் மாதங்கள்தான் தாக்க உகந்த நேரம். பராமரிப்புச் செலவைக் குறைக்க அமைதிக் காலத்தில் ராணுவ ஸ்லைடரை இறக்கி வைத்திருந்தீர்களானால், போருக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அதை முழுதாக ஏற்றுங்கள். மோரல் மாதத்துக்கு ஒருமுறைதான் ஏறும். ஸ்லைடரை ஏற்ற மறந்து போரை அறிவித்துவிட்டு, முதல் மோதலிலேயே மொத்தப் படையையும் இழப்பது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது.

மொத்தப் படையும் அழிவது எப்போது? எதிரி பத்து மடங்கு இருந்தால் உடனே. இல்லாவிட்டால், பின்வாங்கும் உரிமை கிடைக்கும் 12-ஆம் நாளுக்குள் உங்கள் மோரல் பூஜ்ஜியமாகி, எதிரி இரண்டு மடங்காகவும் இருந்தால். ஆகவே சிறு படைகளைத் தனியே அலையவிடாதீர்கள். மறுபுறம், நீங்கள் தோற்கடித்த படை தொலைவான மாகாணம் ஒன்றுக்கு ஓடும். ஓடும் வழியில் அதைத் தொட முடியாது. அது போய்ச் சேரும் மாகாணத்தைப் பார்த்து, சேர்ந்த சில நாளில் உங்கள் படையும் அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். மோரல் ஏறுவதற்குள் பிடித்தால் முழுப் படையும் போகும், அந்தப் போரே அத்துடன் முடிந்தமாதிரி.

இரண்டு போருக்கு நடுவே செய்ய வேண்டிய ஒரு சிறு வேலை உண்டு. அடிபட்ட ரெஜிமென்டுகள் 400, 300 பேருடன் நிற்கும், ஆனால் முன்வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு முழு இடத்தை அடைத்துக்கொள்ளும். படைச் சன்னலில் ரெஜிமென்டுகளை ஒன்றுசேர்க்கும் பொத்தானை ஷிஃப்ட் விசையுடன் அழுத்துங்கள். ஆட்கள் முழு ரெஜிமென்டுகளாகக் கூடிவிடுவார்கள், காலியான ரெஜிமென்டுகள் கலையாமல் இருந்து பிறகு நிரம்பிக்கொள்ளும். ஷிஃப்ட் இல்லாமல் அழுத்தினால் காலியானவை கலைந்துவிடும், மறுபடி காசு கொடுத்து எழுப்ப வேண்டும்.

முற்றுகைக்கு வருவோம். 30 நாளுக்கு ஒருமுறை 1 முதல் 14 வரை ஒரு பகடை விழுகிறது. அதனோடு முற்றுகையின் அப்போதைய நிலை, பீரங்கி, ஜெனரலின் முற்றுகைத் திறன், மதிலில் விழுந்த உடைப்பு ஆகியவை கூடும். கோட்டையின் நிலை கழியும். கடலோரக் கோட்டையைக் கப்பற்படை மறிக்காவிட்டால் இன்னும் 2 கழியும். மொத்தம் 20-ஐத் தொட்டால் கோட்டை சரண். இரண்டாம் நிலைக் கோட்டை, பீரங்கி இல்லை, முற்றுகைத் திறன் இல்லை, கடலும் மறிக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பகடையில் உச்சமான 14 விழுந்தாலும் கையில் 10-தான். முற்றுகை நிலை 10 வரை ஏறிய பிறகுதான் கோட்டை விழும் வாய்ப்பே பிறக்கிறது. மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று ஏறும் நிலைக்கு ஒன்றரை வருடம் ஆவது இப்படித்தான். பகடையில் 1 விழுந்தால் முகாமில் நோய் பரவி நூற்றுக்கு 5 பேர் சாவார்கள்.

அதே கோட்டைக்கு 10 பீரங்கி, முற்றுகைத் திறன் 2 உள்ள ஜெனரல், துறைமுகத்தை மறிக்கும் கப்பல்கள் இருந்தால் 14 விழும்போது 19 வந்துவிடுகிறது. முற்றுகை நிலை ஒன்று ஏறியிருந்தாலே போதும். பீரங்கிக்குக் கிடைக்கும் கூடுதல் அதிகபட்சம் 5, அதை எட்ட கோட்டை நிலையைப் போல ஐந்து மடங்கு பீரங்கி ரெஜிமென்ட் வேண்டும்: இரண்டாம் நிலைக்கு 10, நான்காம் நிலைக்கு 20. அதற்கு மேல் குவிப்பதால் முற்றுகைக்குப் பயன் இல்லை.

இடையூறு என்னவென்றால், பீரங்கி மிலிட்டரி டெக் 7-ல்தான் கிடைக்கும். வரலாறு தெரிந்தவர்களுக்கு இது உறுத்தும். 1453-ல் கான்ஸ்டான்டினோபிளின் மதில்களை உதுமானியர் பீரங்கியால் உடைத்தார்கள். அதே ஆண்டு பிரான்ஸின் காஸ்தியோனில் பிரெஞ்சுப் பீரங்கிகள் நூறாண்டுப் போரை முடித்தன. ஆட்டத்தில் அந்த ஆண்டில் யாரிடமும் பீரங்கி ரெஜிமென்ட் இருக்காது. நிஜத்தில் கிரனாடாவைக் காஸ்டீல் அரசி இசபெல்லாவும் அவர் கணவர் பெர்டினான்டும் பத்து ஆண்டுப் போருக்குப் பின் 1492 ஜனவரி 2-ல் பெற்றார்கள், அதிலும் கோட்டை நகரங்களை வீழ்த்தியதில் பெரிய பங்கு பீரங்கிக்குத்தான். ஆட்டத்தில் டெக் 7-க்கு முன் போகிறீர்கள் என்றால் முற்றுகைத் திறன் உள்ள ஜெனரலும் கடல் மறிப்பும்தான் கையில் இருக்கும் கருவிகள். கடல் மறிப்புக்குச் செலவு ஏதும் இல்லை, கப்பல்கள் சும்மா துறைமுகத்தில்தான் நிற்கின்றன.

கப்பலுக்கு இந்தப் போரில் இன்னொரு வேலையும் உண்டு. கிரனாடாவுக்கு வட ஆப்பிரிக்க நாடு ஏதாவது துணைக்கு வரும், பெரும்பாலும் மொராக்கோ அல்லது துனிஸ். ஜிப்ரால்டர் நீரிணையில் உங்கள் கப்பற்படை நின்றால் எதிரிப் படை நடந்து கடக்க முடியாது. நீரிணையின் இரு கரையும் எதிரிகள் வசமே இருந்தால் மட்டும் இந்தத் தடை வேலை செய்யாது. ஆகவே போர் தொடங்கியதும் முதலில் வடகரையைக் கைப்பற்றிவிட்டுக் கப்பலை நிறுத்துங்கள். அதன் பிறகு கிரனாடா தனியாள்.

முற்றுகையிடும்போது இன்னொரு கண்ணி: கோட்டையைக் காக்க எதிரிப் படை வந்தால், வந்து தாக்குவது அவர்களாக இருந்தாலும் நிலத்தின் தண்டனை முற்றுகையிடும் உங்களுக்குத்தான். மலைக் கோட்டையைச் சுற்றி அமர்ந்திருக்கும் படை மோசமான இடத்தில் அமர்ந்திருக்கிறது என்று பொருள். எதிரியின் களப்படையை அழித்துவிட்டு முற்றுகைக்குப் போங்கள். முற்றுகைக்குத் தேவையான குறைந்தபட்ச ஆட்களை மட்டும் அங்கே விட்டு, மற்றவர்களைப் பக்கத்தில் சமநிலத்தில் நிறுத்துங்கள்.

இப்படிப் பிரிப்பதில் இன்னொரு லாபம் தேய்மானம் குறைவது. மேன்பவர் எங்கே போகிறது என்று கேட்டிருந்தாரே, அதற்கு விடை இதில் இருக்கிறது. ஒரு மாகாணம் தாங்கக்கூடிய படைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மாதந்தோறும் ஆட்கள் சாவார்கள், முற்றுகையில் இது இன்னும் கூடும், குளிர்காலத்தில் மேலும் கூடும். 20,000 பேர் மாதம் 3 சதவீதத் தேய்மானத்தில் நின்றால் 600 பேர், பத்து மாதத்தில் ஏறக்குறைய 6,000 பேர். மேன்பவர் தொட்டி காலியிலிருந்து நிறைய 10 ஆண்டு ஆகும். உங்கள் தொட்டி 30,000 என்றால் மாதம் 250-தான் ஊறும். ஒரு வாள்கூட உயராமல் முகாமில் செத்த அந்த 6,000 பேரை ஈடுகட்ட இரண்டு ஆண்டு. நான் பார்த்த வரையில் காஸ்டீல், பிரான்ஸ், ஆஸ்திரியா எதுவாக இருந்தாலும் முதல் முப்பது ஆண்டுகளில் சரிவது போர்க்களத்தால் அல்ல, இந்தக் கசிவால்தான். படையைப் பிரித்து நடத்துங்கள், சேர்த்துச் சண்டையிடுங்கள். முற்றுகைக்குக் கூலிப்படை ஒன்றை அமர்த்துவது நல்ல வழி. அவர்கள் தங்களுக்கென்று தனி மேன்பவர் வைத்திருப்பார்கள், உங்கள் தொட்டியைத் தொடமாட்டார்கள். செலவு கூடும், ஆனால் தங்கத்தைக் கடனாக வாங்கலாம், ஆட்களை வாங்க முடியாது.

போரை முடிக்கும் மேசையில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, பிடிக்கும் நிலத்தின் வளர்ச்சிப் புள்ளி, அதாவது அந்த நிலத்தின் வளத்தைக் காட்டும் எண். சலுகை எதுவும் இல்லாவிட்டால் ஒரு புள்ளியை உங்கள் சொந்த நிலமாக்க 10 அட்மின் பாயின்ட் (நிர்வாகப் புள்ளி). 30 புள்ளி நிலம் என்றால் 300, அதுவரை அந்த நிலம் பொங்கிக்கொண்டே இருக்கும். கையில் 120 பாயின்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கக் கூடாது. மற்றது, சுற்றியுள்ள நாடுகளின் கோபம், அதாவது ஏஇ (அக்ரெசிவ் எக்ஸ்பான்ஷன்). அது ஒரு நாட்டிடம் 50-ஐத் தாண்டி, உங்கள் மீது அதன் மொத்த அபிப்பிராயமும் எதிர்மறையாக இருந்தால், அது உங்களுக்கு எதிரான கூட்டணியில் சேரலாம். வருடத்துக்கு அடிப்படையில் 2 மட்டுமே தணியும். கிரனாடாவில் இது பெரிய விஷயமில்லை, கோபப்படப் போவது பெரும்பாலும் வட ஆப்பிரிக்க அண்டை நாடுகள்தான். புனித ரோமப் பேரரசுக்குள்ளும் இத்தாலியிலும் ஒரே போரில் மூன்று நான்கு மாகாணம் எடுத்தால் பத்துப் பன்னிரண்டு நாடுகள் ஒரே மாதத்தில் சேர்ந்துகொள்ளும். பேரரசுக்குள் இருக்கும் சிற்றரசு ஒன்றை வெளியாள் தாக்கினால் பேரரசரும் போருக்கு வருவார், 1444-ல் அது ஆஸ்திரியா.

உங்களோடு போர்நிறுத்தத்தில் இருக்கும் நாடு கூட்டணியில் சேர முடியாது. ஆகவே கோபம் 50-ஐ நெருங்கும் பெரிய அண்டை நாட்டின் துணை நாட்டோடு ஒரு சிறு போர் நடத்தி, அந்தப் பெரிய நாட்டையும் உள்ளே இழுத்து, தனியாக அதோடு சமாதானம் பேசிவிட்டால் குறைந்தது 5 ஆண்டு அது கூட்டணிப் பக்கம் போகாது. நீங்கள் வாங்கும் சலுகைகளைப் பொறுத்து அந்தக் காலம் 15 ஆண்டு வரை நீளும். கேட்டவரின் நிலையில், மேன்பவர் 5,000-க்குக் கீழே இருந்தால் இப்போதைக்கு கிரனாடாவிடம் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறலாம். நீங்கள் வாங்குவது குறையக் குறையப் போர்நிறுத்தமும் 5 ஆண்டை ஒட்டியே நிற்கும். அதற்குள் மேன்பவர் பாதித் தொட்டி நிறைந்திருக்கும், டெக்கும் ஒன்றிரண்டு ஏறியிருக்கும். அடுத்த போரை அறிவிக்கும் முன் கப்பல்களை நீரிணையில் நிறுத்தி, ராணுவ ஸ்லைடரையும் ஏற்றி வையுங்கள்.